50 வாட் ஃப்ளட் லைட்டைச் சிறு பவளத்தொட்டிக்கான விளக்காக மாற்றுவது எப்படி

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டு, அதற்கென்றே விற்கும் விளக்கின் விலையைக் கேட்டு அசந்துபோனவர்களின் கண் அடுத்துப் போவது எலெக்ட்ரிக்கல் கடையில் தொங்கும் 50 வாட் ஃப்ளட் லைட் மேல்தான். அலுமினிய உடம்பு, கெட்டிக் கண்ணாடி, தண்ணீர் புகாத ரப்பர் வளையம், மாட்டுவதற்கு ஒரு பட்டை, எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய். ஆசை நியாயமானதுதான். ஆனால் அதை வாங்கி வந்து அப்படியே தொட்டிமேல் மாட்டிவிடக் கூடாது. அதன் வெள்ளை வெளிச்சம் பவளத்துக்கு அரைவயிற்றுச் சாப்பாடு. அதைவிடப் பெரிய சிக்கல், உப்புத்தண்ணீருக்கு ஒரு சாண் மேலே 230 வோல்ட்டைத் தொங்கவிடுகிறோம் என்பது.

ஆகவே இங்கே சொல்லப்போவது உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைத் தூக்கிப்போடும் வேலை. மின்சாரத்தை இறக்கும் டிரைவர் தொட்டியை விட்டுத் தள்ளிச் சுவரில் இருக்கும். விளக்குக்குப் போவது 30 வோல்ட்டுக்கும் குறைவான நேர்மின்சாரம் மட்டும். அளவுகள் எல்லாம் 45 செ.மீ. நீளம், 30 அகலம், 35 உயரம் உள்ள தொட்டிக்கு. கல், மணல் போக அதில் 40 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.

எந்த உயிருக்காக இந்த விளக்கு

முதலில் சட்டம். இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. நெருப்புப் பவளம், கரும்பவளம், குழல் பவளம், கடல்விசிறி ஆகியவையும் அதில் உண்டு. வாங்குவது, விற்பது, வைத்திருப்பது எதுவும் கூடாது. கரையில் ஒதுங்கிய காய்ந்த பவளக் கல்லும் இதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ராமேஸ்வரம் போனவர் பையில் போட்டு எடுத்துவந்த கல் தொட்டியில் அழகாகத்தான் இருக்கும். கேள்வி வந்தால் பதில் இருக்காது. செயற்கையாகச் செய்த பீங்கான் கல்லை வாங்கிக்கொள்ளுங்கள்.

காளான் பவளம், ஜோவா, தோல் பவளம் போன்ற மென்பவளங்களைத்தான் இந்தத் தொட்டிக்கு நினைத்துக்கொள்ள வேண்டும். அவற்றையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். நல்லவேளையாக இவற்றுக்குக் கடுமையான வெளிச்சம் தேவையில்லை. பவளம் பெறும் ஒளியைப் 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்களின் கணக்கு அது. காளானுக்கு 50 முதல் 100, ஜோவாவுக்கு 80 முதல் 150 இருந்தால் போதும். கிளைக் கல் பவளங்கள் கேட்கும் 250, 300 எல்லாம் நமக்கு வேண்டாம். அதனால்தான் 25 வாட்டில் வேலை முடிகிறது.

திறந்து பார்த்தால்

முன்பக்கச் சட்டத்தின் திருகுகளைக் கழற்றுங்கள். இப்போது கடையில் கிடைக்கும் மலிவு விளக்குகளில் பெரும்பாலானவற்றில் தனி டிரைவர் பெட்டி இருக்காது. வெள்ளை பூசிய ஓர் அலுமினியத் தகடு, அதில் நெல்மணி போலப் பல எல்இடிகள், நடுவிலோ ஓரத்திலோ நாலைந்து கறுப்புச் சில்லுகள், கரண்ட் ஒயர் நேராக அந்தத் தகட்டில் பற்றவைத்திருக்கும். இதுதான் 'டிரைவர் ஆன் போர்டு'. இங்கே ஒவ்வொரு எல்இடியும் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. கண்ணாடி விரிசல் விட்டு ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. தகட்டைக் கழற்றிக் குப்பையில் போடுங்கள். அதிலிருக்கும் எல்இடிகளைப் பெயர்த்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், நேர விரயம்.

வாங்கும்போதே அளவுநாடா கொண்டுபோங்கள். உள்ளே தட்டையான பரப்பு குறைந்தது 15 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் வேண்டும். ஒரே 50 வாட் என்று எழுதியிருந்தாலும் ஒரு கம்பெனியின் பெட்டி உள்ளங்கை அளவு இருக்கும், இன்னொன்று தாம்பாளம் அளவு இருக்கும். கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். கனம் என்றால் அலுமினியம், அலுமினியம் என்றால் சூடு தணியும்.

என்ன நிறம், எத்தனை

பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளியில் சமைத்து வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போடுகிறது. அதன் நிறமிகள் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். கடலில் சிவப்பு ஒளி மேலடுக்கிலேயே மங்கிவிடும். ஆழத்துக்கு எட்டுவது நீலம். வெள்ளை எல்இடியும் உள்ளுக்குள் நீல எல்இடிதான், மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு நீலத்தின் பெரும்பகுதியைப் பச்சையும் மஞ்சளுமாக மாற்றிவிடுகிறது. நம் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும், பவளத்துக்குக் குறைவாகவே பயன்படும். வெள்ளையை முழுக்க விட்டுவிடவும் முடியாது. வெறும் நீலத்தில் மீன் நிழலாகத் தெரியும், தொட்டி டிஸ்கோ மேடை போலாகிவிடும்.

13 எல்இடிகள் போதும். எல்லாம் 3 வாட் வகை, 20 மி.மீ. நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் ஏற்கெனவே பொருத்தியவை:

ராயல் ப்ளூ, 450 நானோமீட்டர்: 6
ஊதா, 420 நானோமீட்டர்: 2
நீலம், 470 நானோமீட்டர்: 2
வெள்ளை, 6500 கெல்வின்: 3

ராயல் ப்ளூவும் ஊதாவும் சேர்ந்த எட்டும் ஒரு வரிசை. வெள்ளையும் 470-உம் சேர்ந்த ஐந்தும் இன்னொரு வரிசை. சிவப்பும் பச்சையும் போடுவதில்லை. சில ஆயத்த விளக்குகளில் இருப்பதைப் பார்த்துக் கேட்பார்கள். அந்த நிறங்கள் நம் கண்ணுக்குத் தேவையான அளவு வெள்ளையிலேயே இருக்கின்றன.

வாங்கும்போது ஏமாற்று உண்டு. 1 வாட் சில்லை 3 வாட் என்று விற்பார்கள். பார்த்துச் சொல்ல முடியாது, ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சோதனை கீழே வருகிறது. ராயல் ப்ளூ என்று 470-ஐத் தலையில் கட்டுவதும் நடக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றிப் பார்த்தால் 450 சற்றே ஊதா கலந்த ஆழ்நீலம், 470 வானநீலம். நிறத்துக்கு இரண்டு கூடுதலாக வாங்கிவையுங்கள், பற்றவைக்கும்போது ஒன்றாவது போகும்.

மற்ற சாமான்கள்

டிரைவர் இரண்டு வேண்டும், இரண்டும் 600 மில்லிஆம்பியர் நிலையான மின்னோட்டம் தருபவை. எட்டு எல்இடி வரிசைக்கு '8 முதல் 12 எல்இடி' என்று எழுதியது, ஐந்துக்கு '4 முதல் 7' என்று எழுதியது. வெளியீடு வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டதாக, அதாவது 'ஐசொலேட்டட்' ஆக இருக்க வேண்டும். இதில் சந்தேகம் இருந்தால் கரண்டில் செருகாமல் மல்டிமீட்டரை மெகாஓமில் வைத்து, உள்ளே வரும் ஒயர் ஒன்றிலும் வெளியே போகும் ஒயர் ஒன்றிலும் முனைகளை வையுங்கள். எப்படி மாற்றி வைத்தாலும் எண் எதுவும் நிற்கக் கூடாது. நின்றால் அந்த டிரைவர் நமக்கு ஆகாது. மொத்தச் செலவில் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் இந்த டிரைவர்தான்.

சூட்டைக் கடத்தும், காய்ந்து ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் வகை வெப்பப் பசை ஒரு குழாய். 0.5 சதுர மி.மீ. ஒயர் இரண்டு மீட்டர், தொட்டிக்கும் டிரைவருக்கும் நடுவே ஓட ஐந்து கம்பி உள்ள கேபிள் தேவையான நீளம். கேபிள் நுழையும் துளையில் தண்ணீர் புகாமல் இறுக்கும் பி.ஜி. 9 கேபிள் கிளாண்ட், 80, 220 எண் உப்புத்தாள், ஸ்பிரிட், துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள், பி.வி.சி. ஜங்ஷன் பெட்டி, இரண்டு டைமர். சால்டரிங் அயர்ன் 50 அல்லது 60 வாட். வீட்டில் கிடக்கும் 25 வாட் போதாது, ஏனென்று பார்ப்போம். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் நட்சத்திர எல்இடி, டிரைவர் தவிர மற்றதெல்லாம் கையோடு வாங்கிவிடலாம். சரியான அலைநீள எல்இடிக்கு ஆன்லைன்தான் வழி.

தட்டைச் சுரண்டுதல்

உள்பக்கம் கறுப்போ சாம்பலோ பவுடர் கோட்டிங் இருந்தால் அது சூட்டைத் தடுக்கும் போர்வை. எல்இடி உட்காரும் இடம் முழுக்க 80 உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை அலுமினியம் தெரியும்வரை எடுங்கள், பிறகு 220-ஆல் மழமழப்பாக்குங்கள். இரும்பு ஸ்கேலை நெட்டாக நிறுத்திப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் தட்டு வளைந்திருக்கிறது. அப்போது 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை 15-க்கு 9 செ.மீ. வெட்டி, நடுவே வெப்பப் பசை பூசி உள்ளே உட்காரவைத்து அதன்மேல் எல்இடிகளை ஒட்டுங்கள். தேய்த்த தூள் மின்சாரம் கடத்தும்; ஸ்பிரிட் நனைத்த துணியால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்துவிடுங்கள்.

துளைபோட்டுத் திருகால் இறுக்குவது பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் இந்த உடம்புகளின் தடிமன் இரண்டு மூன்று மி.மீ.தான், துளை பின்பக்கம் வந்துவிடும், அந்த வழியே உப்புக்காற்று உள்ளே போகும். ஒட்டுவதே மேல்.

ஒட்டுவதும் பற்றவைப்பதும்

பென்சிலால் மூன்று வரிசை போடுங்கள். மேலே நான்கு, நடுவில் ஐந்து, கீழே நான்கு, செங்கல் கட்டுவதுபோல் மேல்வரிசைக் குறி நடுவரிசையின் இரண்டு குறிகளுக்கு இடையில் வர வேண்டும். மையத்துக்கு மையம் 30 மி.மீ. இடமிருந்து வலமாக எண் கொடுங்கள்: மேலே 1 முதல் 4, நடுவே 5 முதல் 9, கீழே 10 முதல் 13. ராயல் ப்ளூ 1, 4, 5, 9, 10, 13-இல். ஊதா 2, 12-இல். வெள்ளை 3, 7, 11-இல். 470 நீலம் 6, 8-இல். நிறங்கள் இப்படி நெருங்கிக் கலந்து இருந்தால்தான் மணலில் நீலத் திட்டும் மஞ்சள் திட்டுமாக விழாது.

ஒட்டுவதற்கு முன் ஒரு வேலை. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் மரப்பலகைமேல் வைத்து, நமக்கு வேண்டிய ஒரு கூட்டல், ஒரு கழித்தல் முனையில் கொஞ்சம் ஈயத்தை உருக்கி வையுங்கள். அலுமினியத்தில் ஒட்டியபின் சூட்டை அந்த உடம்பே உறிஞ்சிவிடும். அயர்ன் வைத்த இடம் கொதிக்காது, ஈயம் பரவாமல் உருண்டையாக நிற்கும். 25 வாட் அயர்னில் நடப்பது இதுதான். உருகவில்லையே என்று அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்போம், கடைசியில் ஈயத்துக்கு முன் எல்இடியின் மேல்மூடி உருகும். நல்ல ஒட்டு பளபளவென்று தண்ணீர் பரவினதுபோல் முனை முழுக்கப் படியும். மங்கலாக, மிளகுபோல் குவிந்து நின்றால் அது போலி ஒட்டு, இன்றில்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் விட்டுப்போகும்.

பிறகு ஒவ்வொன்றையும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரியால் தொட்டுப் பாருங்கள். 3 வோல்ட்டில் மினுக்கென்று ஒளிரும். ஒளிராததைத் திருப்பித் தொடுங்கள். அப்போது ஒளிர்ந்தால் கூட்டல் கழித்தல் குறி தப்பாக அச்சாகியிருக்கிறது, பேனாவால் சரியாகக் குறியுங்கள். இந்த ஐந்து நிமிடம் பின்னால் ஒரு முழு மாலையை மிச்சப்படுத்தும்.

பசை ஒரு நட்சத்திரத்துக்கு ஓர் அரிசி அளவுதான். நடுவில் வைத்து, கட்டைவிரலால் நட்சத்திரத்தின் ஓரங்களை அழுத்தி, அரைவட்டம் இப்படியும் அப்படியும் திருகுங்கள். ஓரத்தில் மயிரிழை போலப் பசை பிதுங்கினால் சரி. தாராளமாகப் போட்டால் நன்றாக ஒட்டும் என்று நினைப்பது தவறு, பசை கனமாகக் கனமாகச் சூடு கடப்பது குறையும். எல்இடியின் உருண்டை மூடியை மட்டும் விரலால் அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய தங்கக் கம்பி அறுந்துபோகும். ஃபெவிக்விக் ஆகவே ஆகாது. சூட்டில் விட்டுப்போவது ஒருபக்கம், அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் எல்இடி மேல் வெள்ளைப் படலமாகப் படியும். ஒருநாள் முழுக்க அசைக்காமல் காயவிடுங்கள்.

ஒயர் ஓட்டம் இப்படி. நீல வரிசை விளிம்பைச் சுற்றி வருகிறது: 1, 2, 4, 9, 13, 12, 10, 5. வெள்ளை வரிசை நடுவில்: 3, 6, 7, 8, 11. ஒன்றின் கழித்தலிலிருந்து அடுத்ததின் கூட்டலுக்கு. 2-லிருந்து 4-க்கும் 12-லிருந்து 10-க்கும் போகும் ஒயர் நடுவில் உள்ள எல்இடியைத் தாண்டும்போது ஒளியை மறைக்காமல் சுற்றிவரட்டும். ஒயர் நுனியை 3 மி.மீ.க்கு மேல் உரிக்க வேண்டாம். நீளமாக உரித்த செம்பு நட்சத்திரத்தின் வெட்டு விளிம்பைத் தொட்டால் உடம்போடு ஷார்ட்.

கேபிளின் ஐந்து கம்பிகளில் நான்கு இரண்டு வரிசைகளுக்கு. ஐந்தாவது, பிளக்கின் எர்த் முனைக்குப் போகும் எர்த். வளைய லக் போட்டு, கோட்டிங் சுரண்டிய இடத்தில் உடம்போடு திருகுங்கள். வெறும் 27 வோல்ட்டுக்கு எர்த் எதற்கு என்று தோன்றும். டிரைவருக்குள் பிரிப்பு என்றைக்காவது பழுதானால் அன்றைக்குத்தான் அது எதற்கென்று தெரியும். முடித்ததும் மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்து, ஒவ்வொரு எல்இடி முனைக்கும் உடம்புக்கும் இடையே பாருங்கள். ஒரு பீப்கூட வரக்கூடாது.

முதல் முறை ஏற்றும்போது

வரிசையை முதலில் இணைத்துவிட்டுப் பிறகுதான் டிரைவரைக் கரண்டில் செருக வேண்டும். தலைகீழாகச் செய்யக்கூடாது. சுமை இல்லாமல் ஓடும் டிரைவர் தன் உச்ச வோல்ட்டேஜுக்கு ஏறி உட்கார்ந்திருக்கும், அந்த நிலையில் எல்இடியைத் தொடுத்தால் ஒரு நொடிப்பொறியில் முழு வரிசையும் போகலாம். எட்டும் எரியும் அழகைப் பார்க்க யாருக்கும் ஆசைவரும், ஆனால் நேராகப் பார்க்காதீர்கள். நீலமும் ஊதாவும் கண்ணுக்குக் கூசுவதைவிட அதிகமாகக் கெடுதல் செய்யும். வெள்ளைத்தாள் ஒன்றை மேலே கவிழ்த்துவிட்டு அதன் வழியே பாருங்கள்.

இப்போது அளவுகள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி வரிசையோடு தொடராக வைத்தால் 0.55 முதல் 0.63 வரை காட்ட வேண்டும். இதற்கும் ஒவ்வொரு முறையும் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் மீட்டரை இணைக்க வேண்டும். பிறகு வோல்ட்டுக்கு மாற்றி, நீல வரிசையின் இரு முனையில் 25 முதல் 28, வெள்ளை வரிசையில் 15 முதல் 17. ஐந்து நிமிடம் ஓடியபின் ஒவ்வொரு எல்இடியின் குறுக்கேயும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். நீலமும் வெள்ளையும் 3.1 முதல் 3.5 வரை இருந்தால் நல்ல சில்லு. 3.7-ஐத் தாண்டினால் அதுதான் 1 வாட்டை 3 வாட்டாக விற்ற சரக்கு, சூட்டில் சீக்கிரம் போகும், மாற்றிவிடுங்கள். ஊதா மட்டும் 3.6, 3.7 காட்டுவது சாதாரணம்.

ஒரு மணி நேரம் ஓடட்டும். மொத்தம் 25 வாட் போகிறது, அதில் பாதிக்குமேல் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். முதுகில் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து நொடி தாங்க முடிந்தால் 50 டிகிரிக்குள் இருக்கிறது, போதும். கையை இழுத்துக்கொள்ள வைத்தால் 80 மி.மீ. கம்ப்யூட்டர் விசிறியை முதுகில் வைத்து 9 வோல்ட் அடாப்டரில் சத்தமில்லாமல் ஓட்டுங்கள். சோதனையை மே மாத மதியத்தில் செய்வது நேர்மை. மார்கழிக் காலையில் எந்த விளக்கும் பாஸாகும்.

மூடுவது

மழைநாளில் மூடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் விளக்கு ஏறி இறங்கும்போது கண்ணாடியில் பனியாகப் படியும். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை அடுப்புச் சூட்டில் காயவைத்து மூலையில் ஒட்டிவிட்டு மூடுங்கள். ரப்பர் வளையம் நைந்திருந்தால் சிலிக்கான் பூசலாம், ஆனால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அதன் அமில ஆவி செம்பையும் எல்இடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சையும் அரிக்கும். 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழைய கிளாண்ட் துளை பி.ஜி. 9-க்குச் சிறியதாக இருக்கும், ஸ்டெப் டிரில்லால் அகலப்படுத்துங்கள். இதைத் தட்டைச் சுரண்டும்போதே செய்துவிட்டால் தூள் எல்இடிமேல் விழாது.

வெளித் திருகுகள் எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுங்கள். பித்தளைத் திருகு மட்டும் தொட்டிக்கு மேலே எங்குமே இருக்கக் கூடாது. உப்புக்காற்றில் அது பச்சை பூக்கும். அந்தப் பச்சை ஒரு சொட்டோடு தண்ணீரில் இறங்கினால் செம்பு. மீன் தாங்கினாலும் இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

தொட்டிமேல்

விளக்குக் கண்ணாடி தண்ணீர்ப் பரப்பிலிருந்து 25 செ.மீ. உயரத்தில், நேராகக் கீழ்நோக்கி. இன்னும் உயர்த்தினால் ஒளி பரவும், நடுவில் குறையும். தாழ்த்தினால் நடுவில் குவியும், உப்புத் தெறிப்பும் கண்ணாடியில் ஏறும். லென்ஸ் எதுவும் வேண்டாம், இந்த ஆழத்துக்கு எல்இடியின் இயல்பான விரிவே சரி. பட்டையின் திருகு என்றைக்காவது நெகிழலாம் என்பதால், மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றைத் தனியாக மேலே கட்டிவையுங்கள்.

டிரைவர்கள் இரண்டும் காற்றோட்டமுள்ள ஜங்ஷன் பெட்டியில், தொட்டியிலிருந்து மூன்றடியாவது தள்ளி. கேபிள் நேராகப் பெட்டிக்கு ஏறாமல் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலே போகட்டும். கேபிள் வழியே ஓடிவரும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். தொட்டிக்கான பிளக்கெல்லாம் மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வர வேண்டும். வீட்டில் அது இல்லையென்றால் விளக்கு வேலையை நிறுத்திவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விளக்கு இருபத்தேழு வோல்ட் ஆனாலும் ஹீட்டரும் மோட்டாரும் 230-இல்தான் தண்ணீருக்குள் கிடக்கின்றன.

பல் சக்கர டைமர் மலிவு, ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். ஒரு மணி நேரம் கரண்ட் போன வாரத்தில் தொட்டியின் விடியலும் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரோ ஸ்மார்ட் பிளக்கோ வாங்குங்கள். நீலம் காலை 11 முதல் இரவு 8 வரை, வெள்ளை மதியம் 1 முதல் 5 வரை. மாலையில் வேலைவிட்டு வந்து தொட்டியைப் பார்ப்பவர்கள் இதை மொத்தமாக இரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம், பவளத்துக்கு ஆட்சேபணை இருக்காது.

முதல் மாதம்

புது விளக்கில் பவளம் செத்தது என்று கேட்டால் பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தால் இருக்காது, ஒரே நாளில் கொட்டிய வெளிச்சத்தால் இருக்கும். நீலம் பார்வைக்கு மங்கலாகத் தெரிவதால் நாம் ஏமாறுகிறோம். கடையின் மங்கிய தொட்டியில் இருந்த காளானை நேராக இதன் கீழ் வைத்தால் இரண்டு வாரத்தில் வெளுத்து, எலுமிச்சை விதை அளவுக்குச் சுருங்கிவிடும்.

நம்மிடம் ஒளியைக் குறைக்கும் குமிழ் இல்லை, கொசுவலை இருக்கிறது. வெள்ளை நைலான் கொசுவலையை நாலு மடிப்பாக மடித்துத் தொட்டியின் வாயில் விரியுங்கள். ஐந்து நாளைக்கு ஒரு மடிப்பாக எடுங்கள். முதல் இரண்டு வாரம் நீலமே ஆறு மணி நேரத்துக்குமேல் வேண்டாம், வெள்ளை இரண்டு மணி நேரம். பவளத்தை முதலில் மணலில் வையுங்கள், வலை முழுக்க எடுத்தபின் ஜோவாவை மட்டும் கல்லின் நடு உயரத்துக்கு ஏற்றலாம். காளான் கீழேயே சந்தோஷமாக இருக்கும்.

பார் மீட்டர் இரவல் கிடைத்தால் நல்லது. பழைய சில மீட்டர்கள் நீலத்தைக் குறைத்துக் காட்டும் என்பதை மனதில் வையுங்கள். போனில் உள்ள லக்ஸ் ஆப் நீல ஒளியில் சொல்லும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. இருந்தாலும் ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட அது உதவும். போனைத் தண்ணீருக்கு மேலே நகர்த்திப் பார்த்தால் நடுவில் எவ்வளவு, மூலையில் எவ்வளவு என்ற விகிதம் கிடைக்கும். மூலையின் எண் நடுவின் எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் விளக்கை ஐந்து செ.மீ. உயர்த்துங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்குப் பவளமே மீட்டர். ஜோவாவின் காம்பு நீண்டு வெளிச்சத்தை எட்டிப் பார்த்தால் போதவில்லை. நாள்கணக்கில் திறக்காமல் மொட்டாகவே இருந்தால், காளான் சுருங்கிக்கொண்டால், நிறம் வெளுத்தால், அதிகம். கல்லில் பச்சை முடி வளர்ந்தால் மட்டும் விளக்கைத் திட்டாதீர்கள், தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

எரியாவிட்டால்

ஒரு வரிசை முழுக்க இருட்டு, டிரைவர் முனையில் வழக்கத்தைவிட அதிக வோல்ட் காட்டுகிறது என்றால் வழி எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு எல்இடி போயிருக்கலாம், ஒன்று திருப்பிப் போட்டிருக்கலாம், ஓர் ஒட்டு விட்டிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு, பட்டன் பேட்டரியால் ஒவ்வொன்றாகத் தொட்டுவாருங்கள். மினுக்காததுதான் ஆள். மற்றவை எரிய ஒன்று மட்டும் இருட்டாக இருந்து மொத்த வோல்ட்டும் 3 குறைந்திருந்தால் அது உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது ஈயம் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டது. வரிசை முழுவதும் சீராக விட்டுவிட்டு மின்னினால் எல்இடியில் குற்றமில்லை, டிரைவரின் வோல்ட் எல்லைக்கு வெளியே சுமை இருக்கிறது. எட்டுக்கான டிரைவரில் ஐந்தை மாட்டினீர்களா என்று பாருங்கள். முதலில் நன்றாக எரிந்து இருபது நிமிடத்தில் ஒன்று மட்டும் நிறம் மாறி மங்கினால் அதன் அடியில் பசை பிடிக்கவில்லை.

பழகியபின் ஒளியைக் கூட்டிக் குறைக்க ஆசை வந்தால் இரண்டு டிரைவரையும் எடுத்துவிட்டு, 36 வோல்ட் பவர் சப்ளை ஒன்றும் மீன் வெல் கம்பெனியின் எல்.டி.டி. 600எச் என்ற டிரைவர் இரண்டும் போடலாம். பெயரைப் பார்த்து மீனுக்கென்றே செய்ததாக நினைக்க வேண்டாம், அது தைவான் நாட்டு மின்கருவிக் கம்பெனி. ஒளியைக் கூட்டிக் குறைக்கச் சொல்லும் மின்துடிப்பை 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை ஏற்கும், இ.எஸ்.பி. 32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் 3.3 வோல்ட்டுக்கே பணியும். விளக்குக்குள் ஒரு ஒயரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. சூரியன் எழுவதுபோல் அரைமணி நேரத்தில் ஏற்றலாம், கொசுவலையும் மிச்சம்.

வாரம் ஒருமுறை விளக்கை அணைத்து ஆறவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். உப்பு படிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது; துடைத்த துணியை நாக்கில் வைத்தால் தெரியும்.